பழைய ஆம்ப்ளிபயர் கூட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர்: தகடு வெட்டுவதிலிருந்து மூடி போடுவது வரை

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பியதாக எனக்கு நினைவில்லை. ஒரு தடவை ஸ்டீரியோ ஆம்ப்ளிபயர் ஒன்று கையோடு வந்தது. உள்ளே ஐசி கருகியிருந்தது, ஒரு சேனல் செத்திருந்தது. ஆனால் முகப்பு இருக்கிறதே, கண்ணைப் பறிக்கிற அலுமினியத் தகடு. அதில் சத்தத்துக்கு ஏற்ப முள் ஆடும் இரண்டு வியூ மீட்டர், பெரிய வால்யூம் குமிழ், அமுக்கினால் "டக்" என்று உட்காரும் பவர் பட்டன். எடைக்குப் போட வைத்திருந்ததை 350 ரூபாய்க்குப் பேசி வாங்கினேன். இன்று அதற்குள் ஐ3 கம்ப்யூட்டர் ஒன்று ஓடுகிறது. இதை எழுதுவதும் அதில்தான்.

அதை எப்படிச் செய்வது என்பதை, நான் சொதப்பிய இடங்களோடு சேர்த்துச் சொல்கிறேன். முதலில் ஒரு விஷயம். இந்த வேலையில் இறங்குகிற எல்லோரும் அழகான வெளிக்கூட்டைத்தான் முதலில் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் வேலையைக் காப்பாற்றியது ஆம்ப்ளிபயர் கூடு இல்லை, காயலான் கடையில் கிடந்த ஒரு நசுங்கிய கம்ப்யூட்டர் கேபினட். கூடு சட்டை மாதிரி. எலும்பு அந்த நசுங்கிய கேபினட்டிலிருந்து வர வேண்டும்.

எந்தக் கூடு சரிப்படும், எது சரிப்படாது

டிவிடி பிளேயர் அழகாக இருக்கும், உயரம் பத்தாது. நான்கு ஐந்து செ.மீ.க்குள் மதர்போர்டின் பின்பக்கச் சொருகிகளே அடங்காது. பழைய விசிஆர் பரவாயில்லை, மினி ஐடிஎக்ஸ் என்ற சின்ன அளவு மதர்போர்டு தாராளமாக உட்காரும். ஆனால் சாதாரண எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) 86 மி.மீ. உயரம் என்பதால் அங்கே இடிக்கும். சின்ன எஸ்எஃப்எக்ஸ் வகையைத் தேட வேண்டிவரும். ஸ்டீரியோ ஆம்ப்ளிபயரும் ரிசீவரும்தான் முதல் தடவை செய்பவருக்கு ஏற்றவை. நல்ல உயரம், கனமான தகடு, மேல்மூடியில் ஏற்கெனவே காற்றுத் துளைகள்.

மைக்ரோவேவ் அடுப்பையும் பழைய பெட்டி டிவியையும் தொடாதீர்கள். மைக்ரோவேவுக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் 2,000 வோல்ட் அளவுக்கு நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கலாம். பெட்டி டிவியின் படக்குழாயில் அதைப் போலப் பத்து மடங்கு. "நான் ஜாக்கிரதையாகச் செய்வேன்" என்று சொல்கிறவர்களுக்கும் இதே பதில்தான்.

அளந்த பிறகு காசு கொடுங்கள்

கடைக்குப் போகும்போது இஞ்ச் டேப்பும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் பையில் இருக்கட்டும். மூடியைக் கழற்றி உள் அளவைப் பாருங்கள். என் ஆம்ப்ளிபயரின் வெளி அளவு 43 × 32 × 14 செ.மீ. அடிக்கால்களையும் தகட்டு மடிப்புகளையும் கழித்தால் உள்ளே 42 அகலம், 30 ஆழம், உயரம் பன்னிரண்டரை.

இதற்குள் என்னென்ன போக வேண்டும்? மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு அதிகபட்சம் 24.4 செ.மீ. சதுரம். சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் 15 செ.மீ. அகலம், 14 ஆழம், 8.6 உயரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 39.4. நம்மிடம் 42 இருக்கிறது, சரி. ஆழத்தில் போர்டு போக ஐந்தரை செ.மீ. மிஞ்சுகிறது, முகப்பில் இருக்கும் குமிழ்களின் பின்புறத்துக்கு அது போதும். முழு அளவு கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் மறந்துவிடுங்கள். கார்டின் இரும்புப் பட்டையே 12 செ.மீ. உயரம், அதற்குமேல் போர்டு நிற்கும் உயரமும் சேரும். அது வேண்டுமென்றால் வேறு கூடு பார்க்க வேண்டும்.

கணக்கு காகிதத்தில் சரியாக வந்தாலும் நம்பாதீர்கள். அட்டைப்பெட்டியைக் கிழித்து போர்டு அளவுக்கு ஒரு துண்டு, எஸ்எம்பிஎஸ் அளவுக்கு ஒரு சின்னப் பெட்டி செய்து கூட்டுக்குள் வைத்து மூடிப் பாருங்கள். ஒயர்களுக்கு இடம் வேண்டும் என்பதை அப்போதுதான் மூளை ஒத்துக்கொள்ளும். 24 பின் மின்கம்பிக் கற்றை தடித்து வளைந்து நிற்கும். அதற்கென்று நான்கு விரற்கடை ஒதுக்குங்கள்.

பொறுக்க வேண்டிய சாமான்

நசுங்கிய டவர் கேபினட் ஒன்று. போர்டைத் தாங்கும் தகடும், அதோடு சேர்ந்த பின்பக்கமும் நேராக இருந்தால் போதும். முகப்பு உடைந்திருக்கலாம், பக்கக் கதவு காணாமல் போயிருக்கலாம். வாங்கும்போது உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்களையும் (போர்டைத் தகட்டில் படாமல் தாங்கும் சின்னத் தூண்கள்) ஸ்க்ரூக்களையும் கடைக்காரர் கழற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதே கேபினட்டில் 80 மி.மீ. ஃபேனும் இருந்தால் லாபம்.

மதர்போர்டு, பிராசஸர், ராம் ஆகியவை ஆபீஸ்களில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்களிலிருந்து வரும். எனக்குக் கிடைத்தது எச்61 போர்டும் 2012இல் வந்த ஐ3-3220ம். 55 வாட் பிராசஸர், சூடு அதிகமில்லை, படம் காட்ட தனிக் கார்டும் வேண்டாம். டைப் அடிக்க, பாட்டுக் கேட்க, பிரௌசர் திறக்க இது தாராளம். போர்டு வாங்கும்போது அதன் பின்பக்கச் சொருகிகளுக்கான மெல்லிய தகரச் சட்டத்தையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு போர்டுக்கும் அது தனித்தனி. தொலைந்தால் இன்னொன்று கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை: சில பிராண்டட் ஆபீஸ் கம்ப்யூட்டர்களின் போர்டில் ஓட்டைகளும் பவர் சொருகியும் அவர்கள் இஷ்டத்துக்கு இருக்கும். இன்டெல் 1995இல் ஏடிஎக்ஸ் அளவுமுறையைக் கொண்டுவந்ததால்தான் இருபது வருடக் கேபினட்டின் தகட்டில் இன்றைய போர்டு பொருந்துகிறது. அந்த முறையில் வராத போர்டு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ் மட்டும் புதிது வாங்குங்கள். மறுசுழற்சி என்று பேசிக்கொண்டே இதைச் சொல்வது முரணாகத் தெரியலாம். ஆனால் மற்ற பாகம் செத்தால் அது மட்டும்தான் சாகும். எஸ்எம்பிஎஸ் சாகும்போது போர்டையும், தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போகக்கூடும். இருப்பதையே போடுவேன் என்றால், சோதித்த பிறகு போடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கையோ ஃபேனையோ சுமையாக மாட்டி, 24 பின் சொருகியில் பச்சைக் கம்பியையும் கருப்புக் கம்பியையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் ஓடத் தொடங்கும். மல்டிமீட்டரில் மஞ்சள் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பு 4.75 முதல் 5.25, ஆரஞ்சு 3.14 முதல் 3.47 வரை காட்ட வேண்டும். இது தாண்டினால் காயலான் கடைக்கே திருப்பிவிடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.

ஆம்ப்ளிபயரைக் காலி செய்வது

பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் சும்மா விடுங்கள். பிறகும் உள்ளே இருக்கும் பெரிய உருளைக் கெப்பாசிட்டர்களை நம்பக்கூடாது. என்னுடையதில் 6,800 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் என்று இரண்டு இருந்தன. ஸ்க்ரூடிரைவரால் இரண்டு காலையும் ஷார்ட் செய்கிற வீரம் எல்லா மெக்கானிக் கடையிலும் உண்டு. பொறி பறக்கும், ஸ்க்ரூடிரைவர் நுனி தீயும், கண்ணுக்கும் நல்லதில்லை. ஒரு கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் காப்பிடப்பட்ட ஒயர் பற்றவைத்து, கெப்பாசிட்டர் கால்களில் ஒரு நிமிடம் பிடியுங்கள். சத்தமில்லாமல் இறங்கிவிடும். மீட்டரில் ஒரு வோல்ட்டுக்குக் கீழே பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

டிரான்ஸ்பார்மர், போர்டு, சூட்டை வாங்கும் ஹீட்சிங்க் எல்லாவற்றையும் கழற்றுங்கள். முகப்பில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பவர் பட்டன், வியூ மீட்டர்கள், வால்யூம் குமிழும் அதன் பொட்டென்ஷியோமீட்டரும் (சுற்றினால் தடை மாறும் பாகம்), ஹெட்போன் ஓட்டை. கழற்றும் முன் போனில் நான்கு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்க்ரூ எங்கே என்பது அடுத்த வாரம் யாருக்கும் நினைவிருக்காது.

அந்தப் பெரிய ஹீட்சிங்கைப் பிராசஸர் மேலே வைக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் போயிற்று. அடிப்பாகம் சமமாக இல்லை, அழுத்திப் பிடிக்க வழியில்லை. பிராசஸரோடு வந்த கூலரே போதும்.

பழைய சால்டர் ஈயம் கலந்தது. பிரித்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டுப் பக்கம் போக வேண்டும்.

எலும்பு மாற்று அறுவை

இதுதான் முழு வேலையின் மையம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

போர்டைத் தாங்கும் ஸ்டாண்ட்ஆஃப்களும், பின்பக்கத்தில் சொருகிகள் எட்டிப்பார்க்கும் செவ்வக ஓட்டையும் ஒன்றுக்கொன்று மிகச் சரியான தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் யுஎஸ்பி சொருகி தகட்டில் முட்டும். கூட்டின் அடித்தகட்டில் நாமே துளை போட்டு, பின்தகட்டில் நாமே செவ்வகம் வெட்டி இரண்டையும் பொருத்தப் பார்த்தால் கண்டிப்பாகத் தள்ளும். என் முதல் முயற்சி அப்படித்தான் போயிற்று. வெட்டிய ஓட்டை ஒரு பக்கம் மூன்று மி.மீ. அகலமாகிப்போய் எம்-சீல் வைத்து அடைத்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

சரியான வழி: நசுங்கிய கேபினட்டின் போர்டுத் தகட்டையும் பின்பக்கத்தையும் பிரிக்காமல், மூலையோடு சேர்த்து எல் வடிவில் வெட்டி எடுப்பது. தொழிற்சாலை அச்சில் அடித்த அளவு அப்படியே நம் கூட்டுக்கு வந்துவிடும். அந்த மூலையில் நான்கைந்து ரிவெட் இருக்கும், அவற்றைத் தொடவே கூடாது.

வெட்டுவதற்கு முன் மதர்போர்டை அந்தத் தகட்டிலேயே மாட்டிப் பார்த்து, எந்தெந்த ஸ்டாண்ட்ஆஃப் தேவை என்று மார்க்கரால் வட்டமிடுங்கள். அப்புறம் போர்டைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிடுங்கள். வேறு அறை என்றால் வேறு அறைதான். இரும்புத்தூள் ஒன்று சாக்கெட்டுக்குள் விழுந்தால் அந்தப் போர்டுக்குக் கருமாதி செய்ய வேண்டியதுதான்.

பின்பக்கத் தகட்டின் உயரம் நம் கூட்டுக்குள் அடங்க வேண்டும், எனக்கு 12 செ.மீ. சொருகிச் செவ்வகம் 158.75 × 44.45 மி.மீ. அதைச் சுற்றி இடம் விட்டுக் கோடு போட்டேன். பக்கத்தில் கார்டுகளுக்கான நான்கு நீள்துளைகள் இருக்கும். ஒவ்வொன்றும் 20.32 மி.மீ. இடைவெளி, நான்கும் சேர்ந்து 81. எண்பது மி.மீ. ஃபேன் அங்கே அளவெடுத்துத் தைத்தது போல உட்காரும். கார்டு எதுவும் போடப்போவதில்லை என்பதால், துளைகளுக்கு நடுவே இருக்கும் பட்டைகளை வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் வெளியே ஊதும் ஃபேனை வைத்தேன். பின்பக்கத்தில் வேறு எங்கும் ஃபேனுக்கு இடமில்லாமல் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவனுக்கு இது கிடைத்தபோது வந்த சந்தோஷம் தனி.

கேபினட் தகடு அரை மில்லிமீட்டரிலிருந்து 0.8 வரை இருக்கும். தகடு வெட்டும் கத்திரி போதும், ஆனால் ஓரம் சுருளும். ஒரு மி.மீ. கட்டிங் வீல் போட்ட கை கிரைண்டர் சுத்தமாக வெட்டும். கண்ணாடி, கனமான கையுறை, முழுக்கால் பேன்ட், பக்கத்தில் துணியோ காகிதமோ இல்லாத இடம். மொட்டைமாடி உத்தமம், மத்தியானத் தூக்க நேரம் மட்டும் வேண்டாம். கிரைண்டர் இல்லாதவர்கள் ஏதாவது ஒரு லேத் பட்டறையில் கோடு போட்ட தகட்டைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் வெட்டிக் கொடுப்பார்கள்.

வெட்டியதும் எல்லா ஓரத்தையும் அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேயுங்கள். விரலை ஓட்டிப் பார்த்தால் வழுக்க வேண்டும். சோம்பல்பட்டு விட்ட ஒரே ஓரம்தான் பின்னால் ஒயரையும் கையையும் கிழிக்கும்.

இனி ஆம்ப்ளிபயரின் பின்தகடு. ஸ்பீக்கர் ஓட்டை, ஆர்சிஏ ஓட்டை என்று சல்லடையாக இருக்கும். அவற்றை அடைக்கப் பார்க்காமல், மொத்தமாக ஒரு ஜன்னல் வெட்டிவிடுங்கள். எனக்கு 25 × 9 செ.மீ. நான்கு மூலையிலும் டிரில் போட்டு, கோடுகளை வீலால் இணைத்தால் போதும். எல் தகடு உள்ளேயிருந்து அந்த ஜன்னலில் வந்து உட்காரும். சுற்றிலும் கொஞ்சம் மேல்படிவு. அது ஜன்னல் ஓரத்தின் கோணல்மாணலை மறைத்துவிடும். எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் இதே மாதிரி, கேபினட்டின் எஸ்எம்பிஎஸ் சட்டத்தை வெட்டி எடுத்து இன்னொரு ஜன்னல்.

இணைக்க 3.2 மி.மீ. பாப் ரிவெட். முதலில் இரண்டு இடத்தில் நட்டு போல்ட் போட்டு, மூடி சரியாக மூடுகிறதா என்று பார்த்த பிறகு ரிவெட் அடியுங்கள். வெல்டிங் வேண்டாம். தகடு மெல்லியது, வளைந்துவிடும். தவிர, துத்தநாகம் பூசிய தகட்டைச் சுட்டால் வரும் வெள்ளைப்புகை காய்ச்சல் வரவைக்கும்.

தூளை எடுக்க ஒரு வழி: செத்த ஸ்பீக்கரின் காந்தத்தைப் பாலிதீன் பையில் போட்டு, கூட்டின் ஒவ்வொரு மூலையிலும் தடவுங்கள். பையைத் திருப்பி உருவினால் தூள் முழுவதும் பைக்குள் வந்துவிடும். மூன்று முறை செய்தேன். மூன்றாவது முறையும் கொஞ்சம் வந்தது.

போர்டு உட்காரும் நேரம்

மார்க்கர் வட்டமிட்ட இடங்களில் மட்டும் ஸ்டாண்ட்ஆஃப் இருக்க வேண்டும். போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒன்று நின்றால் அது பின்புறச் சால்டரில் தட்டி ஷார்ட் ஆகும். எண்ணிப் பாருங்கள்: போர்டில் ஆறு ஓட்டை என்றால் கீழே ஆறு. கேபினட்டிலிருந்து வந்த ஸ்க்ரூக்களில் இரண்டு வகை கலந்திருக்கும். கொரகொரப்பான தடித்த மரை 6-32, நெருக்கமான மெல்லிய மரை எம்3. கையால் சுற்றும்போதே மூன்று சுற்றுப் போகவில்லை என்றால் அது வேறு வகை. ஸ்க்ரூடிரைவரால் ஜெயிக்கப் பார்க்காதீர்கள்.

மாட்டும் முன் போர்டை அட்டைப்பெட்டி மேல் வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிராசஸர், கூலர், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ், மானிட்டர், அவ்வளவுதான். பவர் பின் இரண்டையும் (எவை என்று பின்னால் சொல்கிறேன்) ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் ஓடும். தொடங்கும்போது தெரியும் பயாஸ் திரை வந்தால் உள்ளே போகலாம். பழைய தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி காய்ந்திருக்கும், சுரண்டித் துடைத்து புதிதாக ஒரு மிளகளவு வையுங்கள்.

எஸ்எஸ்டிக்கு எந்த இடமும் சரி. நான் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு முன்னால் இரட்டை நுரை டேப்பில் ஒட்டியிருக்கிறேன்.

பவர் பட்டன் விளையாட்டு

எல்லாம் மாட்டி, ஆம்ப்ளிபயரின் பவர் பட்டனில் இரண்டு ஒயர் பற்றவைத்து, போர்டில் சொருகி, ஆசையாக அமுக்கினேன். "டக்". ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அணைந்தது. மறுபடி அமுக்கினேன், பட்டன் வெளியே வந்தது, ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி, அதே கதை. ராமை மாற்றினேன், எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்பட்டேன், பொழுது விடியும்வரை போர்டைத் திட்டினேன்.

குற்றவாளி பட்டன்தான். ஆம்ப்ளிபயரின் பட்டன் அமுக்கினால் உள்ளேயே நிற்கும் வகை. கம்ப்யூட்டருக்கு வேண்டியது காலிங் பெல் மாதிரி, தொட்டு விட்டால் விடுபடுகிற வகை. பவர் பின் நான்கு நொடிக்கு மேல் இணைந்தே இருந்தால், "ஆள் வலுக்கட்டாயமாக அணைக்கச் சொல்கிறான்" என்று போர்டு எடுத்துக்கொண்டு தன்னை அணைத்துவிடும்.

இதற்காகப் பட்டனை மாற்ற வேண்டாம். இந்த வகைப் பட்டன்களில் பெரும்பாலானவற்றின் பக்கவாட்டில் குண்டூசி தடிமனில் ப வடிவக் கம்பி ஒன்று இருக்கும், அதை ஒரு சின்னத் தகடு அமுக்கிப் பிடித்திருக்கும். பட்டனை உள்ளே நிற்க வைப்பது அந்தக் கம்பிதான். தகட்டை நெம்பி, கம்பியைச் சின்னக் குறடால் உருவி எடுத்துவிடுங்கள். ஸ்ப்ரிங் துள்ளிவிடாமல் பட்டனைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டே செய்ய வேண்டும். பிறகு அமுக்கினால் உடனே வெளியே வரும். பழைய "டக்" சத்தம் போய்விடும் என்பதுதான் வருத்தம். மறக்காமல், அந்தப் பட்டனில் முன்பு ஓடிய 230 வோல்ட் ஒயரின் மிச்சம் எதுவும் ஒட்டிக்கொண்டில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போர்டில் எங்கே சொருகுவது? ஒன்பது பின் கொண்ட ஒரு கூட்டம் இருக்கும், பத்தாவது இடம் காலி. ஒன்றாம் எண்ணிலிருந்து ஒற்றைப்படை ஒரு வரிசை, இரட்டைப்படை எதிர் வரிசை. 1, 3 ஹார்டு டிஸ்க் விளக்கு. 2, 4 பவர் விளக்கு. 5, 7 ரீசெட். 6, 8 பவர் பட்டன். விளக்குகளில் 1ம் 2ம் பிளஸ். பட்டனுக்குத் திசை கிடையாது. பெரும்பாலான போர்டுகளில் இப்படித்தான், இருந்தாலும் போர்டில் அச்சடித்திருப்பதே கடைசி வார்த்தை. ஆம்ப்ளிபயரின் பழைய குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி வையுங்கள்; போர்டு தருகிற மின்சாரத்தில் அந்த பல்பு எரியாது.

மீட்டர் முள்ளை ஆடவிட

இது தேவையே இல்லாத ஆடம்பரம். ஆனால் இதற்காகத்தான் பலரும் வீட்டுக்கு வந்து இந்தப் பெட்டியைப் பார்க்கிறார்கள்.

வியூ மீட்டரின் முள் முழுதும் சாய பொதுவாக அரை மில்லியாம்பியர் போதும். ப்ரோ மைக்ரோ என்ற, புரோகிராம் எழுதி ஓட்டக்கூடிய விரலளவு போர்டை மதர்போர்டின் உள் யுஎஸ்பி பின்னில் இணைத்து, அதன் 5ம் 6ம் கால்களிலிருந்து ஆளுக்கொரு 22 கிலோ ஓம் பிரிசெட் (திருகி மாற்றக்கூடிய தடை) வழியாக மீட்டர்களுக்குக் கொடுத்தேன். பிரிசெட்டை முழு தடையில் வைத்துத் தொடங்கி, கால் முழு 5 வோல்ட்டில் இருக்கும்போது முள் கடைசிக் கோட்டில் நிற்கும்வரை மெதுவாகக் குறைக்க வேண்டும். நேராக 5 வோல்ட்டைக் கொடுத்தால் முள் அறைந்துகொண்டு வளைந்துவிடும். கால் விட்டுவிட்டுத்தான் மின்சாரம் தரும், ஆனால் முள்ளின் சோம்பேறித்தனமே அதைச் சமப்படுத்திவிடும்.

கம்ப்யூட்டர் பக்கம் இருபது வரி பைத்தான். பிராசஸர் எத்தனை சதவீதம் ஓடுகிறது, ராம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை நொடிக்குப் பத்து முறை 0 முதல் 255க்குள் மாற்றி சீரியல் வழியாக அனுப்புகிறது. இடது முள் பிராசஸர், வலது முள் ராம். பிரௌசரில் பத்து டேப் திறந்தால் வலது முள் சிவப்புக்குள் போய் உட்காருவதைப் பார்க்க வேண்டுமே!

வால்யூம் குமிழையும் இதே ப்ரோ மைக்ரோவில் இணைக்கலாம். இரண்டு சிக்கல் உண்டு. ஆடியோ பொட்டென்ஷியோமீட்டர் மடக்கை வகை; பாதி சுற்றினாலும் பத்துப் பதினைந்து சதவீதம்தான் மாறும், கடைசிப் பகுதியில் குபீரென்று ஏறும். அதை புரோகிராமில் நேராக்க வேண்டும். இன்னொன்று, 50 அல்லது 100 கிலோ ஓம் என்பதால் படிக்கும் எண் நடுங்கும். நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டதும் நடுக்கம் நின்றது.

எர்த்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். கடையில் வாங்கும் கேபினட்டில் இதை யோசித்துச் செய்திருப்பார்கள். நம் பெட்டி பல இடத்துத் தகடுகளின் ஒட்டு, நடுவே பெயின்ட். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது.

எஸ்எம்பிஎஸ்ஸின் உலோக உடம்பு மூன்று பின் ஒயரின் எர்த்தோடு இணைந்தது. அதன் ஸ்க்ரூக்கள் படும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். எல் தகடு, அடித்தகடு, முகப்பு, மேல்மூடி என ஒவ்வொரு இணைப்பிலும் ஓரிடமாவது வெறும் இரும்பு இரும்பைத் தொட வேண்டும். முகப்பு அலுமினியத்துக்குத் தனியாக ஒரு பச்சை ஒயர் இழுத்தேன். முடித்ததும், பவர் ஒயரைச் சுவரில் சொருகாமல், அதன் எர்த் பின்னில் மீட்டரின் ஒரு முனையும் பெட்டியின் ஒவ்வொரு உலோகப் பாகத்திலும் மறுமுனையும் வைத்துப் பாருங்கள். ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். என் மேல்மூடி முதல் தடவை திறந்த சுற்று என்று காட்டியது. நான்கு ஸ்க்ரூவும் பெயின்ட் மேலேதான் உட்கார்ந்திருந்தன. ஆம்ப்ளிபயரோடு வந்த இரண்டு கம்பி ஒயரை எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தாதீர்கள்.

பெட்டி சரியாக இருந்தாலும் சுவர் சரியாக இருக்க வேண்டும். நான் முதலில் குடியிருந்த வாடகை வீட்டில் பிளக் பாயின்டின் எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. பெட்டியைத் தொட்டால் புறங்கையில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு சுர். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிந்தது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெப்பாசிட்டர்கள் ஃபேஸையும் நியூட்ரலையும் உடம்போடு இணைத்திருக்கும். எர்த் இல்லாவிட்டால் உடம்பு பாதி வோல்டேஜில், அதாவது சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு, ஆளைக் கொல்லாது. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸில் உண்மையான கோளாறு வரும் அன்று அதே இடத்தில் முழு 230 நிற்கும், காப்பாற்ற எர்த் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இழுத்த பிறகுதான் பெட்டியை மறுபடி ஓட்டினேன்.

மூடி போட்ட பிறகு

மூடி இல்லாமல் எல்லா கம்ப்யூட்டரும் குளிர்ச்சியாகத்தான் ஓடும். மூடியைப் போட்டு, அரை மணி நேரம் பிராசஸரை முழுச்சுமையில் ஓட்டி, வெப்பநிலையைப் பாருங்கள். சென்னை மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில் எனக்குத் திறந்திருக்கையில் 66 டிகிரி, மூடியதும் 83. பதினேழு டிகிரி வித்தியாசம் என்றால் காற்று எங்கோ அடைபடுகிறது.

பின்னால் ஃபேன் வெளியே ஊதுகிறது, சரி. உள்ளே வர வழி? அடித்தகட்டில் இருந்த காற்றுத் துளைகள் மேல் நான் போர்டுத் தகட்டை ரிவெட் அடித்து மூடியிருந்தேன். முன்பக்கம் ஐந்தரை செ.மீ. காலியிடம் இருந்ததல்லவா, அதற்கு நேர் கீழே அடித்தகட்டில் 8 மி.மீ. டிரில்லால் நாற்பது ஓட்டை போட்டேன் (ஆமாம், எல்லாவற்றையும் கழற்றி, காந்தப் பையோடு மறுபடி). அடிக்கால்களுக்குப் பதில் ஒன்றரை அங்குல ரப்பர் கால்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் மேல்நோக்கி, மூடியின் துளைகளுக்கு நேர் கீழே இருக்கும்படி திருப்பினேன். அது தனக்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இப்போது மூடியோடு 71. அடியில் போட்ட ஓட்டைகளுக்குக் கொசுவலைத் துண்டு ஒன்றை ஒட்டியிருக்கிறேன், மாதம் ஒருமுறை அதைத் தட்டினால் போதும்.

மூன்று பின் ஃபேனில் கருப்பு கிரவுண்ட், சிவப்பு 12 வோல்ட், மஞ்சள் வேகம் சொல்லும் கம்பி. எந்தப் பக்கம் ஊதுகிறது என்று சந்தேகமிருந்தால் ஃபேனின் உடம்பில் அம்புக்குறி இருக்கும். அதுவும் இல்லையென்றால் ஊதுபத்தியைக் காட்டிப் பாருங்கள்.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு எல்லா ஸ்க்ரூவையும் ஒருமுறை இறுக்குங்கள். என் மூடி முதல் வாரம் ஹார்மோனியம் மாதிரி ரீங்காரம் பாடியது. மூடிக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே பழைய சைக்கிள் ட்யூபிலிருந்து வெட்டிய பட்டை வைத்ததும் அடங்கியது. எர்த் தொடும் ஸ்க்ரூ இருக்கும் இடத்தை விட்டுவிட்டு வையுங்கள்.

மிச்சம்

டிரான்ஸ்பார்மரும் ஹீட்சிங்கும் காயலான் கடையில் நல்ல எடைக்குப் போகும். எனக்கு ஆம்ப்ளிபயர் வாங்கிய காசில் பாதி திரும்பி வந்தது. ஆனால் ஆம்ப்ளிபயரின் சர்க்யூட் போர்டையும் கெப்பாசிட்டர்களையும் அங்கே போடாதீர்கள். செம்புக்காக ஒயரை எரிக்கிற, போர்டைச் சுடுகிற இடத்துக்குத்தான் அவை கடைசியில் போய்ச் சேரும். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு ஷூ பெட்டியில் சேர்த்து வைத்து, நிறைந்ததும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பட்டனிலிருந்து உருவிய அந்த ப வடிவக் கம்பி மட்டும் மேஜை டிராயரில் கிடக்கிறது.